ஷீட் வீட்டுக்கு எத்தனை மதிப்பெண்?

பெங்களூரில் வாடகை வீடு தேடி அலைந்தவர்களுக்கு இரண்டு சொற்கள் தானாகவே பழகிவிடும். ஒன்று 'ஆர்சிசி மனெ', மற்றொன்று 'ஷீட் மனெ'. மனெ என்றால் கன்னடத்தில் வீடு. ஷீட் மனெ என்று தரகர் சொன்னால் வாடகை குறைவு, அட்வான்ஸ் குறைவு, ஏப்ரல் மாதத்தில் மதியத் தூக்கம் கிடையாது என்று நாமே மீதியைப் புரிந்துகொள்ள வேண்டும். மழை பெய்தால் டிவி சத்தம் கேட்காது. அல்சூர், ஸ்ரீராமபுரம், ஓகளிபுரம் பக்கம் தமிழ்க் குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாக வாழும் சந்துகளில் இந்த ஷீட்டுக்குக் கீழே பிறந்து, படித்து, கல்யாணம் செய்துகொண்டு போனவர்கள் ஏராளம்.

மர்பி டவுனில் நண்பர் ஒருவரின் அம்மாவுக்குச் சொந்தமான பழைய வீடு ஒன்று இருக்கிறது. முன்கட்டு மங்களூர் ஓடு, ரெட் ஆக்சைடு தரை. கையை வைத்தால் குளிர்ச்சி ஏறும். பின்கட்டு மட்டும் எழுபதுகளில் துண்டு துண்டாகச் சேர்த்தது. சமையலறை, வாடகைக்கு விட இரண்டு அறைகள், துணி துவைக்கும் இடம் எல்லாவற்றுக்கும் மேலே நெளிநெளியான சாம்பல் ஷீட். ஒரு மூலையில் தென்னை மரம். அதன் உபயத்தில் ஷீட்டில் தலை நுழையும் அளவு ஓட்டை, ஓட்டை மேலே ஒரு ஃபிளெக்ஸ் பேனர். அந்தப் பேனரில் ஏதோ ஒரு கட்சித் தலைவர் குப்புறப் படுத்திருந்தார்.

"நாப்பது வருசம் இதுக்குக் கீழதான் தம்பி படுத்து எந்திரிச்சேன். பேத்தி வாட்ஸ்அப்புல என்னமோ பாத்துட்டு, பாட்டி இது கேன்சர் ஷீட்டுங்கிறா. நான் பயப்படணுமா, வேணாமா? அத மட்டும் சொல்லு" என்றார் அந்த அம்மா.

நேரடியான கேள்விதான். ஆனால் எனக்குப் பதில் சொல்ல ஒரு மாதம் ஆனது. அந்த ஒரு மாதத்தின் கதைதான் இந்த அத்தியாயம்.

பள்ளிக்கூட வேதியியல் ஆய்வகத்தில் பன்சன் அடுப்பின் மேல் ஒரு கம்பி வலை வைப்பார்களே, நடுவில் வெள்ளை வட்டம் பூசியிருக்கும், அதன் மேல்தான் பீக்கரை வைப்போம். பழைய வலைகளில் அந்த வெள்ளை வட்டம் ஆஸ்பெஸ்டாஸ். தமிழில் கல்நார். நல்ல பெயர். கல்லிலிருந்து உரித்தெடுக்கும் நார். பாறையில் நரம்பு நரம்பாக ஓடும் இதை உடைத்து விரலால் கோதினால் பஞ்சு மாதிரி பிரியும். ராஜஸ்தானுக்கு அடுத்தபடியாக இந்தியாவில் இந்தக் கனிமம் அதிகம் புதைந்திருக்கும் மாநிலம் கர்நாடகம்தான். பெங்களூரிலிருந்து மேற்கே போனால் ஹாசன் மாவட்டத்து ஹொளெநரசிபுரம் பக்கம் பூமிக்குள் இருக்கிறது. எண்பதுகளிலிருந்து புதிய சுரங்கக் குத்தகைகளை அரசு நிறுத்திவிட்டது. தோண்டுவதை நிறுத்தினோமே தவிர வாங்குவதை நிறுத்தவில்லை. இன்று நம் கூரைகளுக்கு வரும் கல்நாரில் பெரும்பங்கு ரஷ்யாவிலிருந்து கப்பலில் வருகிறது.

கல்நார் என்பது ஆறு கனிமங்களுக்குப் பொதுப் பெயர். கூரை ஷீட்டில் இருப்பது பெரும்பாலும் கிரைசோடைல் என்ற வெள்ளை வகை. மெக்னீசியம் அடுக்கு ஒன்றும் சிலிக்கா அடுக்கு ஒன்றும் ஒட்டிப் பிறந்த கனிமம் இது. இரண்டு அடுக்குக்கும் அளவு பொருந்தாது. ஒன்று சற்றே பெரிது. வெயிலில் காயும் பனையோலை ஒரு பக்கமாகச் சுருளுவதுபோல் இந்த இரட்டை அடுக்கு தானாகவே சுருண்டு, பாய் சுருட்டிய மாதிரிக் குழலாகிவிடுகிறது. அப்படி ஒரு குழலின் தடிமன் சுமார் 0.03 மைக்ரான். நம் தலைமுடி ஒன்றின் அகலத்தில் இரண்டாயிரம் குழல்களைப் பக்கத்தில் பக்கத்தில் அடுக்கலாம். வாழை நாரைக் கிழித்துக்கொண்டே போனால் ஒரு கட்டத்தில் கை ஓய்ந்துவிடும். கல்நார் கண்ணுக்குத் தெரியாத இடத்திலும் கிழிந்துகொண்டே போகும். ஆபத்து அங்கேதான் தொடங்குகிறது.

மற்ற தூசு உள்ளே போனால் மூக்கு பிடிக்கும், தொண்டை பிடிக்கும், மிஞ்சியது நுரையீரலின் காற்றறைகளில் இருக்கும் விழுங்கு செல்களின் வாயில் போகும். கல்நார் இழை ஒல்லியாக இருப்பதால் காற்றோட்டத்தோடு நேராகவே காற்றறை வரை போய்விடுகிறது. அங்கே காத்திருக்கும் விழுங்கு செல்லின் குறுக்களவு 10 முதல் 20 மைக்ரான். இழை அதைவிட நீளம். தன்னைவிட நீளமான குச்சியை விழுங்கப் பார்க்கும் பாம்பின் நிலைமைதான். விழுங்கவும் முடியாது, துப்பவும் முடியாது. செரிக்க வைத்திருந்த ரசாயனங்களைச் சுற்றிலும் சிந்திவிட்டுச் செல் செத்துப்போகும். அடுத்த செல் வரும், அதே கதை. வருடக்கணக்கில் இந்தக் குட்டிச் சண்டை நடக்கும் இடத்தில் தழும்பு விழுந்து நுரையீரல் இறுகினால் அது ஆஸ்பெஸ்டோசிஸ். செல்களின் மரபுப்பொருள் கெட்டால் நுரையீரல் புற்றுநோய். நுரையீரலைப் போர்த்தியிருக்கும் மெல்லிய உறையில் புற்று வந்தால் மீசோதீலியோமா. பொதுவாக 20 ஆண்டு முதல் 50 ஆண்டு வரை கழித்துத்தான் இவை வெளியே தெரியும். உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு, வெள்ளை உள்பட ஆறு வகையையும் மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் முதல் பிரிவில்தான் வைத்திருக்கிறது. வெள்ளை இழை நீல இழையைவிட நுரையீரலில் சீக்கிரம் கரைகிறது என்பது உண்மை. அதை வைத்துக்கொண்டு "எங்கள் வெள்ளை சாது" என்று தொழில்துறை பேசுவது, நாகத்தைக் காட்டிக் கட்டுவிரியனுக்கு நற்சான்று வாங்குகிற வேலை.

சரி, அந்த அம்மாவின் கூரைக்கு வருவோம்.

கூரையில் தனிக் கல்நார் கிடையாது, கல்நார் சிமெண்ட்தான் இருக்கிறது. லூட்விக் ஹாட்செக் என்ற ஆஸ்திரியர் 1900 வாக்கில், காகிதம் செய்யும் இயந்திரத்தில் காகிதக் கூழுக்குப் பதிலாகச் சிமெண்டையும் கல்நாரையும் கரைத்து ஊற்றி, படலம் படலமாக எடுத்து அடுக்கி ஷீட் செய்தார். இன்றும் செய்முறை அதேதான். எடையில் பத்தில் ஒரு பங்கு கல்நார், மீதி பெரும்பாலும் சிமெண்ட். பத்தடி நீள ஷீட் ஒன்று 40 கிலோவுக்கு மேல் இருக்கும். ஆகவே ஒரு ஷீட்டுக்குள் ஏறத்தாழ நாலு கிலோ கல்நார், சிமெண்டில் சிறைப்பட்டுக் கிடக்கிறது. சிறை பலமாக இருக்கும்வரை கைதி வெளியே வருவதில்லை.

ஒரு பழைய வீட்டில் இது எங்கெங்கே இருக்கும் என்று தேடிப் பார்ப்பது சுவாரசியமான வேலை. கூரையைத் தவிர, சுவரை ஒட்டி இறங்கும் மழைநீர்க் குழாயும் கழிப்பறைக் காற்றுப்போக்கிக் குழாயும் சாம்பல் நிறத்தில் கனமாக இருந்தால் அவை ஏ.சி. பைப். குளிர்சாதனம் என்று நினைத்துவிட வேண்டாம், ஆஸ்பெஸ்டாஸ் சிமெண்ட் என்பதன் சுருக்கம். பிளம்பர்களுக்கு நன்றாகத் தெரியும். பழைய தண்ணீர்த் தொட்டி, அறையைத் தடுக்கும் தட்டையான பலகை, ஜன்னலுக்கு மேல் சரிவாக வைத்த ஷீட் துண்டு, அறுபது எழுபதுகளின் பிளாஸ்டிக் தரை ஓடுகள், பீங்கான் ஃபியூஸ் கட்டையின் உள்ளே பொறி தடுக்க வைத்த நார்த்துண்டு ஆகியவற்றையும் பார்க்க வேண்டும். மர்பி டவுன் வீட்டில் கூரை, இரண்டு குழாய், கோழிக்கூண்டுக்கு மேல் கிடந்த ஓர் உடைசல் ஆகியவை தேறின. ஃபியூஸ் கட்டையை எப்போதோ மாற்றிவிட்டார்கள்.

பார்த்தவுடன் எப்படிச் சொல்வது? ஷீட்டின் அடிப்பக்கம் தயாரிப்பாளர் முத்திரையோடு ஐ.எஸ். 459 என்று அச்சடித்திருந்தால் விவாதமே வேண்டாம். அது ஆஸ்பெஸ்டாஸ் சிமெண்ட் நெளி ஷீட்டுக்கான இந்தியத் தர எண். முத்திரை அழிந்திருந்தால் வயதை வைத்து ஊகிக்கலாம். பழைய சாம்பல் நெளி ஷீட் என்றால் கல்நார் இருக்கிறது என்றே எடுத்துக்கொள்வது புத்திசாலித்தனம். உறுதி வேண்டுமென்றால் ஏற்கெனவே உடைந்த ஓரத்தில் சோப்புத் தண்ணீர் தெளித்து, குறடால் நகமளவு துண்டு எடுத்து, இரண்டு ஜிப் பைகளில் ஒன்றுக்குள் ஒன்றாகப் போட்டு ஆய்வகத்துக்கு அனுப்ப வேண்டும். துருவ ஒளி நுண்ணோக்கியில் கிரைசோடைல் தன் நிறத்தால் தன்னைக் காட்டிக்கொடுத்துவிடும். நெருப்பில் காட்டிப் பார்க்கிறேன் என்று யாராவது கிளம்பினால் தடுத்துவிடுங்கள். இந்த ஷீட் தீயில் எரியாது, வெடிக்கும். குடிசைப் பகுதிகளில் தீப்பிடித்த இரவுகளைப் பார்த்தவர்களுக்கு அந்தப் படபட சத்தம் தெரியும்.

நம் மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் கூரைக்கு ஒரு கேள்வி உண்டு. 2011இல் நாட்டில் சுமார் 16 விழுக்காட்டு வீடுகள் 'தகரம், உலோகம், ஆஸ்பெஸ்டாஸ் ஷீட்' என்ற கட்டத்தில் விழுந்தன. மூன்றும் ஒரே கட்டம்! தகரக் கூரை எத்தனை, கல்நார் எத்தனை என்று அந்தக் கணக்கிலிருந்து பிரிக்க வழியில்லை.

இருப்பது தெரிந்துவிட்டது. எவ்வளவு ஆபத்து? பிரிட்டனின் பணிப் பாதுகாப்புத் துறை இதற்கு ஒரு மதிப்பெண் முறை வைத்திருக்கிறது. நாலு கேள்வி, மொத்தம் 12 மதிப்பெண். பரீட்சைக்கு நேர்மாறாக, அதிகம் வாங்கினால் ஆபத்து. நண்பரின் அம்மாவை நாற்காலியில் உட்கார வைத்து நாங்கள் இருவரும் போட்டுப் பார்த்தோம்.

முதல் கேள்வி, பொருள் எப்படிப்பட்டது. கொதிகலன் மேல் சுற்றும் பஞ்சுப் பொதி மாதிரி தொட்டால் உதிர்வதற்கு 3, கயிறு, துணி, அட்டை வகைக்கு 2, சிமெண்டில் கட்டுண்டதற்கு 1. நமக்கு 1. இரண்டாவது, சேதம். தேங்காய் விழுந்த ஓட்டை, இரண்டு விரிசல், ஓரங்களில் உதிர்வு என்று பார்த்து 2 போட்டோம். மூன்றாவது, மேற்பரப்பு. சிமெண்ட் ஷீட்டுக்கு அந்த அட்டவணையே 1 தருகிறது. நாலாவது, எந்தக் கல்நார். வெள்ளைக்கு 1, பழுப்புக்கு 2, நீலத்துக்கு 3. நமக்கு 1. கூட்டினால் 5. பத்தோ அதற்கு மேலோ போனால்தான் உச்ச ஆபத்து. ஐந்து, ஆறு என்றால் குறைவு என்கிறது கையேடு.

"அப்ப பாஸா?" என்றார் அம்மா.

பாஸ்தான். படுத்து எழுந்திருப்பதற்குப் பாஸ். அசையாமல் கிடக்கும் கூரைக்குக் கீழே நாற்பது வருடம் இருந்ததை நினைத்து இரவில் விழித்திருக்க வேண்டியதில்லை என்று அவரிடம் சொன்னேன். அதை இப்போதும் மாற்றிக்கொள்ளவில்லை. வெயிலும் மழையும் சிமெண்டை மெல்ல அரிக்கும், மேல்பரப்பில் இழைகள் முடி மாதிரி நீட்டிக்கொண்டு நிற்கும், கொஞ்சம் மழைநீரோடு இறங்கித் தாழ்வாரக் குழாயில் சேரும். பெங்களூரில் 2009 முதல் மழைநீர் சேகரிப்பு கட்டாயம் என்பதால் ஷீட் கூரைத் தண்ணீரைத் தொட்டியில் பிடிப்பவர்கள் இதைக் கேட்பதுண்டு. குடிநீர் வழியாக உள்ளே போகும் கல்நாரால் புற்றுநோய் வரும் என்பதற்கு உறுதியான சான்று இதுவரை இல்லை. ஆனாலும் அந்தத் தண்ணீரைச் செடிக்கும் கழிப்பறைக்கும் வைத்துக்கொண்டு, குடிக்கக் காவிரியைப் பிடிப்பதே சரி. தாழ்வாரத்தில் சேர்ந்த வண்டலை மட்டும் காய்ந்த நிலையில் துடைப்பத்தால் கூட்டக்கூடாது. ஈரமாக அள்ளிவிட வேண்டும்.

இங்கே எழுதி முடித்திருந்தால் இந்த அத்தியாயம் ஒரு நல்ல செய்தியாக முடிந்திருக்கும். ஆனால் அம்மா அடுத்துச் சொன்னதைக் கேட்டு எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "நல்லதாப் போச்சு. எப்படியும் ஆடி முடிஞ்சதும் இடிக்கப்போறோம்."

முப்பதுக்கு நாற்பது சைட். அப்பா காலத்து ஓட்டு வீட்டை இடித்து நாலு மாடி எழுப்பி, கீழே ஒன்றில் இருந்துகொண்டு மீதியை வாடகைக்கு விடுவது பெங்களூரின் குடும்பப் பொருளாதாரம். மல்லேஸ்வரம், பசவனகுடி, ஜெயநகர், அல்சூர் என எந்தத் தெருவில் நடந்தாலும் ஒரு வீடு இடிந்துகொண்டிருக்கும், இன்னொன்று எழும்பிக்கொண்டிருக்கும். நாங்கள் போட்ட 5 மதிப்பெண் சும்மா கிடக்கும் கூரைக்கானது. இடிபடும் நாளுக்கு அது செல்லாது. பிரிட்டனிலும் இது தெரிந்துதான், மனிதர்கள் அந்தப் பொருளை எவ்வளவு தொந்தரவு செய்வார்கள் என்பதற்கு இன்னொரு 12 மதிப்பெண் தனியாக வைத்தார்கள். இடிப்பதற்கு முன் வேறு ஓர் ஆய்வும் கேட்கிறார்கள். அந்த இரண்டாவது தாளை நம் ஊரில் யாரும் எழுதுவதில்லை.

காற்றில் கல்நாரை அளக்க, ஒரு கன சென்டிமீட்டரில் எத்தனை இழை என்று எண்ணுவார்கள். ஊறவைத்த ஒரு கொண்டைக்கடலை பிடிக்கும் இடம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அமெரிக்காவில் எட்டு மணி நேர வேலைக்கு அனுமதி 0.1 இழை. ஐரோப்பிய ஒன்றியம் 2023இல் அதையும் பத்தில் ஒன்றாக்கி 0.01 என்று முடிவெடுத்தது. இனி பிரிட்டிஷ் கையேட்டில் இருக்கும் எண்களைப் பாருங்கள். ஷீட்டை உடைக்காமல் கழற்றி இறக்கினால் 0.5 வரை. கூரைக்கு மேல் ஏறி உலர்ந்த பிரஷ்ஷால் தேய்த்தால் 3 வரை. சுழலும் வட்டு வைத்த கட்டிங் மெஷினால் காய்ந்த ஷீட்டை அறுத்தால் 15 முதல் 25 வரை.

கொஞ்சம் கணக்குப் போடுவோம். உடல் உழைக்கும்போது ஒருவர் நிமிடத்துக்கு 20 லிட்டர் காற்றை இழுக்கிறார். அதாவது 20,000 கொண்டைக்கடலை. கட்டிங் மெஷினுக்கு முன்னால் நிற்பவர், கடலைக்கு 20 இழை வீதம், நிமிடத்துக்கு 4 லட்சம் இழையை உள்ளே இழுக்கிறார். உலக நகரங்களின் சாதாரண வெளிக்காற்றில் இருப்பதாகச் சொல்லப்படும் அளவு கன சென்டிமீட்டருக்கு சுமார் 0.0001. அதை நாள் முழுக்கச் சுவாசித்தால் ஏறத்தாழ 1,200 இழை. எனவே கட்டிங் மெஷினோடு ஒரு நிமிடம் என்பது நகரக் காற்றோடு கிட்டத்தட்ட ஒரு வருடம். தோராயக் கணக்குதான், பத்து மடங்கு அப்படி இப்படிப் போகலாம். போனாலும் அம்மாவின் நாற்பது வருடத்தையும் அந்த ஆளின் நாற்பது நிமிடத்தையும் ஒரே தராசில் வைத்துப் பார்க்கத் தோன்றுகிறதல்லவா?

அந்த ஆளையும் பார்த்தேன். ஊத்தங்கரைக்காரர், இடிப்பு வேலைக்கு மேஸ்திரி. அவரோடு நாலு பேர், இரண்டு சித்தாள் பெண்கள். முகத்தில் ஈரிழைத் துண்டு, காதில் பீடி. எப்படிக் கழற்றுவீர்கள் என்று கேட்டேன். "போல்ட்டு எல்லாம் துரு புடிச்சுப் போயிருக்கும் சார். கழட்டறதுக்கு நேரம் ஏது? சம்மட்டியால ரெண்டு போடு, தானா விழுந்துரும். விழாதத கட்டிங் மெஷின் வச்சு அறுத்துருவோம். அரை நாள் வேலை."

அவர் காதிலிருந்த பீடியைப் பற்றியும் ஒரு கணக்கு உண்டு. அமெரிக்காவில் கல்நார்ப் பொதி சுற்றும் தொழிலாளர்களை இர்விங் செலிகாஃப் குழுவினர் பல ஆண்டுகள் பின்தொடர்ந்து 1979இல் எழுதினார்கள். கல்நாரும் புகையும் இல்லாதவரோடு ஒப்பிட்டால், கல்நார் மட்டும் பட்டவருக்கு நுரையீரல் புற்றுநோய்ச் சாவு சுமார் 5 மடங்கு. புகை மட்டும் என்றால் 11 மடங்கு. இரண்டும் சேர்ந்தால் 53 மடங்கு. ஐந்தும் பதினொன்றும் கூட்டினால் பதினாறு. இது கூட்டல் இல்லை, பெருக்கல். இதைச் சொன்னபோது மேஸ்திரி பீடியை எடுத்துப் பார்த்துவிட்டு மறுபடி காதில் வைத்துக்கொண்டார்.

சித்தாள் பெண்களைப் பற்றி எனக்குக் கவலை அதிகம். உடைந்த துண்டுகளைக் கூடையில் அள்ளித் தலையில் சுமப்பது அவர்கள். அன்று இரவு ஆண்களின் சட்டையையும் லுங்கியையும் உதறித் துவைப்பதும் அவர்கள். 1960இல் தென்னாப்பிரிக்காவில் ஜே.சி.வாக்னரும் கூட்டாளிகளும் 33 மீசோதீலியோமா நோயாளிகளைப் பற்றி எழுதியபோது அதிர்ச்சி தந்தது, அவர்களில் பலர் சுரங்கத்துக்குள் கால் வைக்காதவர்கள் என்பது. சுரங்கத்தை ஒட்டிய ஊரில் வாழ்ந்ததுதான் அவர்கள் செய்தது. ஐந்து ஆண்டுகள் கழித்து லண்டனில் நியூஹவுஸ், தாம்ஸன் என்ற இரு பெண் ஆய்வாளர்கள், கல்நார் வேலை பார்த்தவரோடு ஒரே வீட்டில் வாழ்ந்ததே நோய்க்குப் போதுமானதாக இருந்த பெண்களைப் பதிவு செய்தார்கள். கணவரின் வேலை உடையைத் துவைத்தவர்கள்.

சட்டம் என்ன சொல்கிறது? 1995 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் நல்ல தீர்ப்பு ஒன்று தந்தது. கல்நார்த் தொழிலாளியின் உடல்நலப் பதிவேட்டை வேலையில் சேர்ந்ததிலிருந்து 40 ஆண்டுகள் அல்லது ஓய்வுக்குப் பின் 15 ஆண்டுகள், எது பிந்தியதோ அதுவரை காக்க வேண்டும், நோய் உறுதியானால் ஒரு லட்சம் ரூபாய் இழப்பீடு தர வேண்டும் என்றது. தொழிற்சாலை வருகைப் பதிவேட்டில் பெயர் உள்ளவருக்கு அது. ஊத்தங்கரை மேஸ்திரியின் பெயர் எந்தப் பதிவேட்டிலும் இல்லை. அடுத்த வாரம் அவர் வேறு தெருவில் இருப்பார். முப்பது வருடம் கழித்து மூச்சு வாங்கினால் ஆஸ்பத்திரியில் டிபி இருந்ததா, பீடி குடிப்பாயா என்று கேட்பார்கள். என்றைக்கோ ஒரு நாள் சிவாஜிநகரில் ஷீட் அறுத்தாயா என்று யாரும் கேட்கப்போவதில்லை. தொழில்சார் நோய்களை ஆராயும் தேசிய நிறுவனத்தின் தென்மண்டல மையம் இதே பெங்களூரில் தேவனஹள்ளி அருகேதான் இருக்கிறது. இடிக்கும் தெருக்களுக்கும் அதற்கும் தூரம் ஒரு மணி நேரம். கல்நாரை முழுதாகத் தடை செய்யக் கேட்ட வழக்கை 2011இல் அதே உச்ச நீதிமன்றம் ஏற்கவில்லை. ஆஸ்திரேலியா, ஜப்பான், கனடா, பிரேசில் என ஐம்பதுக்கும் மேற்பட்ட நாடுகள் தடை செய்துவிட்டன. அமெரிக்கா 2024இல் வெள்ளைக் கல்நாருக்கும் கதவைச் சாத்தியது.

பக்கத்து இலங்கை 2018 தொடக்கத்திலிருந்து இறக்குமதியை நிறுத்துவதாக அறிவித்திருந்தது. 2017 டிசம்பரில், தேயிலைச் சரக்கில் ஒரு வண்டு கிடந்தது என்று சொல்லி ரஷ்யா இலங்கைத் தேயிலையை வாங்குவதைத் திடீரென நிறுத்தியது. கல்நார் விற்பதும் ரஷ்யாதான். இலங்கை கல்நார்த் தடையைத் தள்ளி வைத்தது, தேயிலை மறுபடி கப்பல் ஏறியது. ஒரு வண்டுக்கு இத்தனை பலமா என்று மலையகத் தோட்டங்களில் யாராவது கேட்டிருப்பார்கள்.

இனி நடந்ததைச் சொல்கிறேன். அம்மா கறாரான மனுஷி. மேஸ்திரியிடம் அரை நாள் கூலிக்கு மேல் ஒன்றரை நாள் கூலி சேர்த்துத் தருவதாகப் பேசினார். நிபந்தனைகள் மூன்று. கட்டிங் மெஷின் வரக்கூடாது, சம்மட்டி வரக்கூடாது, ஷீட் முழுசாக இறங்க வேண்டும். துரு பிடித்த ஜே போல்ட்டுகளை வெட்ட நீளக் கைப்பிடி போல்ட் கட்டர் வாடகைக்கு எடுத்தோம். முந்தின நாள் மாலையும் அன்று காலையும் ஹோஸ் பைப்பால் கூரையை நனைத்தோம். ஈர இழை பறக்காது, இதைவிட மலிவான பாதுகாப்பு உலகத்தில் கிடையாது. துணி முகமூடி இதற்கு உதவாது. முகத்தில் இறுக ஒட்டும், பி100 வடிகட்டி வைத்த முகமூடி வேண்டும். எல்லோருக்கும் வாங்கினோம். ஒரு மணி நேரத்தில் நாலு பேர் கழுத்துக்கு இறக்கிவிட்டார்கள், வியர்வையில் மூச்சு முட்டுகிறது என்று. நான் ஒரு பதினைந்து நிமிடம் போட்டுப் பார்த்துவிட்டு அவர்களைக் குறை சொல்வதை நிறுத்திக்கொண்டேன்.

ஷீட்டின் மேல் நேராகக் கால் வைக்க யாரையும் விடவில்லை. பலகை போட்டு, பலகை மேல்தான் நடந்தார்கள். கல்நார் முப்பது வருடத்தில் செய்வதை, உடையும் கூரை மூன்று நொடியில் செய்துவிடும். பழைய ஷீட் வழியாகக் கீழே விழுந்து செத்தவர்களின் செய்தி பத்திரிகைகளின் உள்பக்கங்களில் வருவதுதான். எந்த ஆபத்து மதிப்பீட்டிலும் அதுதான் முதல் வரியாக இருக்க வேண்டும் என்பேன்.

மொத்தம் 38 ஷீட். முழுசாக இறங்கியது 31. உடைந்த ஏழையும் தேங்காய் விழுந்து உடைந்த துண்டுகளையும் நனைத்து, தடித்த பிளாஸ்டிக்கில் இரண்டு சுற்று சுற்றி, டேப் ஒட்டி, மேலே 'ஆஸ்பெஸ்டாஸ்' என்று கன்னடத்திலும் தமிழிலும் எழுதினோம். தரையைக் கூட்டவில்லை, கழுவினோம். வேலை செய்தவர்கள் அங்கேயே குளித்து, துணியை அங்கேயே அலசிவிட்டுப் போக அம்மா வெந்நீர் போட்டுக் கொடுத்தார்.

சிக்கல் அதற்குப் பிறகுதான். இடிபாடு அள்ளும் டிராக்டர்காரர் பொட்டலங்களைப் பார்த்து, "எங்க கொட்டட்டும்?" என்றார். கல்நார்த் தொழிற்சாலையின் கழிவு அபாயக் கழிவுகளின் பட்டியலில் இருக்கிறது, அதற்கென்று நிலநிரப்பும் இடம் இருக்கிறது. ஒரு வீட்டின் ஏழு உடைந்த ஷீட்டை அங்கே கொண்டுபோய்ச் சேர்க்கும் வழியை எனக்கு யாராலும் சொல்ல முடியவில்லை. இரண்டு அலுவலகங்களில் கேட்டேன். ஒன்றில் சிரித்தார்கள். டிராக்டர்காரருக்கு வழக்கமான இடம் ஓர் ஏரிக்கரை. அங்கே மட்டும் வேண்டாம் என்றோம். புது வீட்டின் அஸ்திவாரக் குழியில், யாரும் தோண்டாத மூலையில், ஆழத்தில் புதைத்து மேலே கான்கிரீட் போட்டுவிடலாம் என்றார் பொறியாளர். அடுத்த நூற்றாண்டில் யாராவது தோண்டுவார்களே என்றேன். பதில் இல்லை. இதை எழுதும்வரை அந்தப் பொட்டலங்கள் காம்பவுண்டுச் சுவர் ஓரமாக, தார்ப்பாய்க்குக் கீழே இருக்கின்றன.

முழுசாக இறங்கிய 31 ஷீட்டையும் மேஸ்திரி கேட்டார். நல்ல ஷீட், காசு கொடுத்தே வாங்கிக்கொள்கிறேன் என்றார். ஊரில் மாட்டுக் கொட்டகைக்குக் கூரை இல்லையாம். அம்மா என்னைப் பார்த்தார், நான் நண்பரைப் பார்த்தேன். காசு வாங்காமல் கொடுத்தோம், அறுக்கக்கூடாது, பழைய துளையிலேயே போல்ட் மாட்ட வேண்டும் என்று சொல்லி.

மறு வாரம் போன் செய்தார். கொட்டகைச் சட்டத்தின் இடைவெளி வேறு, பழைய துளை பொருந்தவில்லை, ட்ரில்லிங் மெஷின் வாடகைக்கு எடுத்துப் புதிதாகத் துளை போட்டோம் என்றார். தண்ணீர் ஊற்றித்தான் போட்டார்களாம்.